முதல்ல வந்தது சரக்கா, பையா?

நீளமான த்ரெட் மக்களே. பொறுமையா படிங்க.

உயிர் எப்படித் தோன்றியது? பிளஸ் டூ உயிரியல்ல ஒரு பாடம் வரும், ஞாபகம் இருக்கும். ரஷ்யாவில் ஓபாரின், இங்கிலாந்தில் ஹால்டேன், அப்புறம் 1953ல அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர். கண்ணாடிக் குடுவைக்குள்ள மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி. நடுவுல மின்பொறி. சில நாள் கழிச்சுப் பார்த்தா அமினோ அமிலம். படம் வரைஞ்சு பாகம் குறிச்சா அஞ்சு மார்க்.

அதுக்கப்புறம் பல பத்து வருஷமா நடந்த சண்டை பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல வந்தது புரதமா, ஆர்என்ஏவா?

இதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. சாம்பார் வைக்கப் பருப்பு, புளி, காய் எல்லாம் ரெடி. குண்டான் இல்லை. எல்லாத்தையும் கொண்டு போய் ஏரியில கொட்டினா சாம்பார் ஆகுமா? அமினோ அமிலம் கடல்ல உருவாகட்டும், ஆர்என்ஏ துண்டுகூட உருவாகட்டும். அடுத்த அலையில அது எங்கேயோ போயிடும். ஒண்ணு இன்னொண்ணைச் சந்திக்கவே சந்திக்காது. எதுக்குள்ள இருந்துச்சு இதெல்லாம்?

ஓபாரினுக்கு இந்தப் பிரச்சினை தெரியும். கோஅசர்வேட்னு சின்னச் சின்னத் துளிகளைக் காட்டினார். ஆனா அந்தத் துளிக்குத் தோல் கிடையாது. ரெண்டு துளி பக்கத்துல வந்தா ஒட்டி ஒண்ணாகிடும். உள்ள இருக்கறது வெளிய போகும், வெளிய இருக்கறது உள்ள வரும்.

அந்தத் தோலைப் பத்தித்தான் இந்த த்ரெட். அதைத் தேடி நாற்பது வருஷத்துக்கு மேல செலவழிச்ச டேவிட் டீமர் என்ற அமெரிக்க உயிர்இயற்பியலாளர் பத்தியும்.

டாக்டர்களுக்கு இந்தத் தோல் புதுசு இல்லை. செல்லுக்குள்ள பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல். வெளிய ரத்தத்துல 4. இந்த வித்தியாசம் இருக்கற வரைக்கும்தான் இதயம் துடிக்கும், நரம்பு பேசும். லேப்ல இருந்து அடிக்கடி ஒரு போன் வரும்: "சார், பொட்டாசியம் 7 காட்டுது, ஆனா சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கு, திரும்ப எடுத்து அனுப்புங்க." நோயாளி நல்லாத்தான் இருப்பார். சிரிஞ்சுல வேகமா இழுத்ததுல சிவப்பணு உடைஞ்சு உள்ள இருந்த பொட்டாசியம் வெளிய கொட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த 140ஐயும் 4ஐயும் பிரிச்சு வெச்சிருக்கறது சுமார் 5 நானோமீட்டர் தடிப்புள்ள கொழுப்புப் படலம். ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் துண்டு போட்டா அதுல ஒரு துண்டு. பம்பு இருக்கே, சோடியம் பொட்டாசியம் பம்பு, அதுதானே வேலை செய்யுதுன்னு கேட்பீங்க. வாஸ்தவம். ஆனா சுவரே இல்லாத தொட்டிக்கு மோட்டார் போட்டு என்ன பண்றது?

இந்தப் படலம் ரெண்டு அடுக்குன்னு முதல்ல சொன்னவரும் ஒரு குழந்தைகள் டாக்டர்தான். 1925, நெதர்லாந்தில் லைடன். பேரு எவர்ட் கோர்ட்டர். கூட வேலை பார்த்தவர் கிரென்டல். சிவப்பணுவை எடுத்தாங்க. நம்ம சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, உள்ள வேற சவ்வும் கிடையாது. இருக்கற கொழுப்பு எல்லாம் வெளித்தோல்ல இருந்துதான் வரணும். அசிட்டோன் ஊத்திக் கொழுப்பைப் பிரிச்சு, தண்ணி மேல ஒரே அடுக்கா பரப்பி, பரப்பளவை அளந்தாங்க. சிவப்பணுக்களோட மொத்த மேற்பரப்பு மாதிரி ரெண்டு மடங்கு வந்துச்சு. அப்போ தோல் ரெண்டு அடுக்கு.

இதுல ஒரு வேடிக்கை. அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுக்காது, அதனால கொழுப்புக் கணக்கு குறைச்சல். சிவப்பணுவோட மேற்பரப்பையும் குறைச்சலா கணக்குப் போட்டுட்டாங்க. ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு, விடை மட்டும் சரியா வந்துருச்சு.

ஏன் ரெண்டு அடுக்கு? பாஸ்போலிப்பிட் மூலக்கூறுக்கு ஒரு தலை, ரெண்டு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும். வாலுக்கு ஆகாது. தண்ணியில போட்டா வால்கள் எல்லாம் ஒண்ணை ஒண்ணு பார்த்து உள்பக்கம் ஒதுங்கும், தலைகள் ரெண்டு பக்கமும் தண்ணியைப் பார்த்து நிக்கும். ஓரத்துல வால் தெரியக் கூடாதே, அதனால படலம் வளைஞ்சு தானாவே மூடிக்கும். பை ரெடி. இதுக்கு ஜீனும் வேண்டாம், என்சைமும் வேண்டாம்.

தானாவே பை ஆகும்னு கண்ணால பார்த்துச் சொன்னவர் அலெக் பாங்கம். இவரும் டாக்டருக்குப் படிச்சவர்தான். கேம்பிரிட்ஜ் பக்கத்துல பாப்ரஹாம்ல விலங்கு உடலியல் ஆராய்ச்சி நிலையத்துல வேலை. 1960களின் தொடக்கத்துல ராபர்ட் ஹார்ன் என்பவரோட சேர்ந்து, முட்டை மஞ்சள் கருவுல இருந்து எடுத்த லெசித்தினைத் தண்ணியில கலக்கி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தார். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா உருண்டைகள். செல் சவ்வு எப்படித் தெரியுமோ அதே மாதிரி கோடுகள்.

படம் மட்டும் இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க. 1965ல அந்த உருண்டைகளுக்குள்ள பொட்டாசியம் மாதிரி அயனிகளை அடைச்சு வெச்சு, எவ்வளவு மெதுவா கசியுதுன்னு அளந்து கட்டுரை போட்டார். அப்போ இது வெறும் கொழுப்புக் கட்டி இல்லை, உள், வெளின்னு ரெண்டு இடம் இருக்கற மூடின பை. கூட இருந்தவங்க கிண்டலா "பாங்கோசோம்"னு கூப்பிட்டாங்க. ஜெரால்ட் வைஸ்மன் என்ற அமெரிக்க மருத்துவர் லைபோசோம்னு பேர் வெச்சார், அது நிலைச்சிருச்சு.

லைபோசோம்னா இப்போ மணி அடிக்குதா?

2021 மே, ஜூன் மாசம் அரசு மருத்துவமனையில வேலை பார்த்த யாருக்கும் அடிக்கும். கருப்புப் பூஞ்சை. கோவிட்ல இருந்து பிழைச்சு, கட்டுப்படாத சர்க்கரையோட திரும்பி வந்தவங்க. ஒரு பக்கம் முகம் வீங்கி, கண் வெளிய தள்ளி. இதுக்குப் பழைய மருந்து ஆம்போடெரிசின் பி. பூஞ்சையோட சவ்வுல எர்கோஸ்டெரால்னு ஒரு கொழுப்பு இருக்கும். மருந்து அதைப் பிடிச்சுப் பூஞ்சையோட தோலைக் கெடுக்கும். நம்ம செல் சவ்வுல அதே இடத்துல கொலஸ்ட்ரால். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. மருந்துக்கு முழுசா வித்தியாசம் தெரியாது, நம்ம கிட்னி செல்லையும் சேர்த்து அடிக்கும். பூஞ்சை போகறதுக்குள்ள கிரியாட்டினின் ஏறும்.

அதே மருந்தை லைபோசோம் பைக்குள்ள வெச்சுக் கொடுத்தா கிட்னிக்கு அடி ரொம்பக் குறையும். அதுக்குத்தான் அந்த ரெண்டு மாசம் நாடே அடிச்சுக்கிச்சு. எந்த மாநிலத்துக்கு எத்தனை வயல்னு மத்திய அரசு பிரிச்சுக் கொடுத்துச்சு. வார்டுக்கு வெளிய சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மகன்களுக்கும் மகள்களுக்கும் "லைபோசோமல்" என்ற வார்த்தை மனப்பாடம். முட்டைக் கருவைக் கலக்கிப் பார்த்த பாங்கம் இதை எதையும் நினைச்சிருக்க மாட்டார்.

இன்னொண்ணு. குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல்ல சர்பாக்டன்ட் பத்தாது, காற்றறை ஒட்டிக்கும். 1963ல அமெரிக்க அதிபர் கென்னடியோட குழந்தை பேட்ரிக் ரெண்டு நாள்ல இறந்தது இதுலதான். சர்பாக்டன்ட்டும் பாஸ்போலிப்பிட்தான். பாங்கம் தன் படல அறிவை வெச்சு, கேம்பிரிட்ஜ் குழந்தைகள் டாக்டர் காலின் மார்லியோட சேர்ந்து செயற்கை சர்பாக்டன்ட் செய்தார். அதோட ஆங்கிலப் பேரைச் சுருக்கினா "அலெக்". தற்செயல்னு நம்பணுமாம். 1987ல பத்து மருத்துவமனைகள்ல நடந்த சோதனையில குறைமாதக் குழந்தைகளோட இறப்பு குறைஞ்சது. பின்னாடி விலங்கு நுரையீரல்ல இருந்து எடுத்தது இன்னும் நல்லா வேலை செஞ்சதால இது சந்தையை விட்டே போச்சு.

சரி, கதைக்கு வருவோம்.

1975ல டீமர் ஆய்வு விடுப்புல பாப்ரஹாம் வந்து பாங்கமோட வேலை பார்த்தார். அப்போ அவர் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துல, சவ்வு இயற்பியல் பண்ணிட்டிருந்த ஆள். உயிரோட தோற்றம் அவர் துறையே இல்லை. லைபோசோம் செய்யற புது முறை ஒண்ணை ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சாங்க. கூடவே ஒரு பேச்சும் வளர்ந்துச்சு. பாங்கம் கட்சி தெளிவு: சவ்வுதான் முதல்ல. பை இல்லாம உயிர் இல்லை.

டீமர் அந்தக் கேள்வியை ஊருக்கு எடுத்துட்டுப் போனார். ஆனா கேள்வியில ஒரு ஓட்டை இருந்துச்சு. பாஸ்போலிப்பிட்டைச் செய்ய இன்னிக்கு ஒரு செல்லுக்கு வரிசையா என்சைம்கள் வேணும். என்சைம் வேணும்னா செல் வேணும். செல் வேணும்னா பாஸ்போலிப்பிட் வேணும். பேங்க்ல கடன் வாங்கச் சொத்துப் பத்திரம் கேட்ட கதை. அப்போ முதல் பை இதைவிட எளிமையான ஏதோ ஒண்ணுல இருந்து வந்திருக்கணும்.

கொழுப்பு அமிலம். ஒரே வால், ஒரே தலை. 1973லயே கெபிக்கி, ஹிக்ஸ்னு ரெண்டு பேர் ஆஸ்திரேலியாவில் ஒலெயிக் அமிலத்துல பை வருதுன்னு காட்டியிருந்தாங்க. 1978ல ஹார்கிரீவ்ஸும் டீமரும் இதை விரிவா பார்த்தாங்க. சூட்சுமம் பிஎச்சில் இருக்கு. காரம் ஜாஸ்தியானா கொழுப்பு அமிலம் முழுக்க மின்னூட்டம் ஏறி சோப்பாகிடும், தண்ணியில கரைஞ்சு போகும். அமிலம் ஜாஸ்தியானா மின்னூட்டம் போய் எண்ணெய்த் துளியாகிடும். நடுவுல, பாதி அப்படி பாதி இப்படி இருக்கும்போதுதான் படலம். அதாவது முதல் பை ரொம்பப் பிடிவாதக்காரப் பை. தண்ணி இப்படித்தான் இருக்கணும்னு சொல்லும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் அவரை வெச்சு செய்யப் போகுது.

அடுத்த கேள்வி, உயிர் வர்றதுக்கு முன்னாடி கொழுப்பு அமிலம் எங்கிருந்து வரும்? ஒரு வழி, வானத்துல இருந்து.

1969 செப்டம்பர் 28. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம், மர்ச்சிசன் ஊர்ப் பக்கம் ஒரு விண்கல் வெடிச்சுச் சிதறி விழுந்துச்சு. சுமார் 100 கிலோ பொறுக்கினாங்க. கார்பன் நிறைஞ்ச கல். நம்ம பூமிக்கு இருக்கற வயசு, சுமார் 450 கோடி வருஷம். உள்ள விதவிதமான அமினோ அமிலம் கிடைச்சுது, அது அப்போவே பெரிய செய்தி. டீமர் தேடினது அமினோ அமிலத்தை இல்லை. கல்லைப் பொடிச்சு, கரைப்பான் ஊத்தி, கொழுப்பு மாதிரி இருக்கறதை மட்டும் பிரிச்சு, உலர்த்தி, மேல தண்ணி விட்டு, மைக்ராஸ்கோப்ல பார்த்தார்.

பைகள். மஞ்சளா ஒளிர்ற குட்டிக் குட்டிப் பைகள். சூரியக் குடும்பம் உருவாகும்போதே உருவான சரக்கு, பூமியோட தண்ணியைத் தொட்டதும் தானா தோல் கட்டிக்குது. 1985ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. என்னைக் கேட்டா மில்லர் குடுவைக்குப் பக்கத்துல பாடப் புத்தகத்துல இந்தப் படமும் வரணும்.

பை கிடைச்சாச்சு. உள்ள சரக்கு எப்படிப் போகும்? ஏன்னா நல்ல பைன்னா பெரிய மூலக்கூறை உள்ள விடாது. 1982ல டீமரும் பார்ச்ஃபீல்டும் ஒரு எளிய வேலை செஞ்சாங்க. லைபோசோமையும் டிஎன்ஏவையும் சேர்த்துக் காய வெச்சாங்க. காயும்போது பைகள் எல்லாம் உடைஞ்சு, ஒட்டி, அடுக்கு அடுக்கா படியும். நடுவுல டிஎன்ஏ மாட்டிக்கும். திரும்பத் தண்ணி விட்டா அடுக்குகள் உப்பி மறுபடி பையாகும், இந்த முறை டிஎன்ஏவை உள்ள வெச்சுக்கிட்டு. மழைக்கு நிரம்பி வெயிலுக்குக் காயற எந்தக் குட்டையிலயும் இது நடக்கும். ஆழ்கடல்ல நடக்காது. அங்க எதுவும் காயாதே.

காய்றதுல இன்னொரு லாபம். ரெண்டு நியூக்ளியோடைட் சேரணும்னா ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய போகணும். சுத்தித் தண்ணியா இருந்தா அது போகாது. காய்ஞ்சா போகும். 2008ல டீமர் குழு, கொழுப்பு அடுக்குக்கு நடுவுல நியூக்ளியோடைட்களை வெச்சு, சூடாக்கி, நனைச்சு, காய வெச்சு, திரும்பத் திரும்பப் பண்ணி, ஆர்என்ஏ மாதிரி நீளமான சங்கிலி வந்ததா கட்டுரை போட்டாங்க. முதல் பேர் சுதா ராஜமணி. அப்போ டீமர்கிட்ட ஆய்வாளர். இப்போ புனே ஐசரில் தனி ஆய்வுக்கூடம் நடத்தறார்.

எனக்கு அவங்க மேல மரியாதை வந்தது அடுத்த கட்டத்துல. 2015ல அவங்க ஆய்வுக்கூடமே அந்தச் சங்கிலியை நுணுக்கமா பிரிச்சுப் பார்த்து, பல இடத்துல பேஸ் உதிர்ந்துபோச்சுன்னு எழுதினாங்க. அமிலமும் சூடும் சேர்ந்து பேஸைக் கழட்டிடுது. மாலை கோர்த்தாச்சு, நூல் இருக்கு, பூ பாதி உதிர்ந்துபோச்சு. பூ இல்லைன்னா மரபுச் செய்தி எங்க எழுதறது? தன் பேர்ல வந்த பெரிய ரிசல்ட்டைத் தானே உரசிப் பார்க்கற ஆள் எத்தனை பேர்?

நடுவுல ஒரு கிளைக்கதை சொல்லாம போக முடியலை. அந்த ஆதிப் பைக்குள்ள நியூக்ளியோடைட் எப்படி நுழையும்னு யோசிச்சு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்த டீமர், 1989ல அதைத் திருப்பிப் போட்டார். சவ்வுல ஒரு ஓட்டை இருந்து, மின்னழுத்தம் கொடுத்து, டிஎன்ஏவை நூல் மாதிரி அதுக்குள்ள இழுத்தா? ஒவ்வொரு எழுத்தும் ஓட்டையை வேற வேற அளவுக்கு அடைக்கும், மின்னோட்டம் அதுக்கேத்த மாதிரி மாறும், அதை வெச்சே எழுத்தைப் படிச்சிடலாமே? நோட்டுல படம் வரைஞ்சு வெச்சார்.

ஓட்டைக்கு அவர் குழு எடுத்தது எது தெரியுமா? ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவோட ஆல்பா ஹீமோலைசின். சிவப்பணுவோட தோல்ல துளை போட்டுக் கொல்லற அதே நஞ்சு. கட்டி, சீழ்னு தினமும் ஓபியில பார்க்கற கிருமிதான். 1996ல கசியானோவிச், பிராண்டின், பிராண்டன், டீமர் நாலு பேர் கட்டுரையில ஒற்றை இழை உண்மையிலேயே துளை வழியா போகுதுன்னு காட்டினாங்க. அதுல இருந்து கருவி வர இன்னும் இருபது வருஷம் கிட்ட ஆச்சு. 2015ல கினியாவில் எபோலா பரவினப்போ, உள்ளங்கையில அடங்கற நானோபோர் கருவியைப் பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போய், அங்கேயே வைரஸோட மரபணுவைப் படிச்சாங்க.

இப்போ 2000களுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்துல எல்லாமே சரியா போயிட்டிருக்கு. காய்ச்சி வடிச்ச தண்ணி, சுத்தமான ரசாயனம், அளந்த பிஎச். டீமருக்கு ஒரு சந்தேகம். நிஜக் குட்டையில இது நடக்குமா? டார்வினே 1871ல நண்பர் ஹூக்கருக்கு எழுதின கடிதத்துல வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டையை ஊகிச்சிருந்தார். யாரும் போய்ச் சரக்கைக் கொட்டிப் பார்த்ததில்லை.

டீமர் போனார். ரஷ்யாவோட கிழக்குக் கோடி, கம்சாத்கா, முட்னோவ்ஸ்கி எரிமலை. கொதிச்சுக்கிட்டிருக்கற ஒரு சின்னக் களிமண் குட்டை. பொடி ஒண்ணு தயார் பண்ணி எடுத்துட்டுப் போயிருந்தார்: அமினோ அமிலங்கள், நியூக்ளிக் அமில பேஸ்கள், பாஸ்பேட், கிளிசரால், ஒரு கொழுப்பு அமிலம். ஆதி பூமிக் குட்டையில என்னென்ன இருந்திருக்கும்னு நினைச்சாரோ அது எல்லாம். குட்டையில கொட்டினார். கொழுப்பு வெள்ளையா நுரைச்சு மேல வந்துச்சு. நிமிஷக் கணக்குல, மணிக் கணக்குல, நாள் கணக்குல தண்ணி எடுத்து ஊருக்குக் கொண்டு வந்தார்.

ஒண்ணும் நடக்கலை.

சங்கிலி எதுவும் உருவாகலை. போட்ட சரக்குல பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள்ள தண்ணியில இருந்தே காணாம போச்சு, களிமண் உறிஞ்சிக்கிச்சு. அந்தக் கொதிக்கற அமிலத் தண்ணியில, இரும்பும் அலுமினியமும் கலந்திருக்க, கொழுப்பு அமிலம் பையும் ஆகலை, திரிஞ்சு போச்சு. 2006ல லண்டன் ராயல் சொசைட்டி கூட்டத்துல இதை அப்படியே சொன்னார். சூடான அமிலக் களிமண் குட்டையில உயிர் தோன்றியிருக்க வாய்ப்புக் கம்மின்னு, குட்டைக் கட்சிக்காரரே.

கவனிங்க, இதே களிமண் ஆய்வுக்கூடத்துல ஹீரோ. 2003ல ஹார்வர்டில் ஜாக் ஷோஸ்டாக் குழு, மான்ட்மோரில்லோனைட் களிமண் கொழுப்பு அமிலப் பை உருவாகறதை வேகப்படுத்துதுன்னு சயன்ஸ் இதழ்ல போட்டிருந்தாங்க. ரெண்டுமே உண்மை. பீக்கர்ல கொஞ்சம் களிமண் வேற, எரிமலைச் சரிவுல குட்டை முழுக்கக் களிமண் வேற.

இந்தத் தோல்வியைப் புரிஞ்சுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். போர் தண்ணியில குளிச்சிருக்கீங்களா? சோப்பு எவ்வளவு தேய்ச்சாலும் நுரைக்காது. வாளி ஓரத்துல வெள்ளையா, பிசுபிசுன்னு திட்டு படியும். தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்புல இருக்கற கொழுப்பு அமிலத்தைப் பிடிச்சுக் கட்டியாக்கிடுது. ஆதிப் பையும் கொழுப்பு அமிலம்தானே. அதுக்கும் அதே கதி. கடல் தண்ணியில மெக்னீசியம் லிட்டருக்கு 50 மில்லிமோலுக்கு மேல. நம்ம ரத்தத்துல 1க்கும் கீழே. 2002லயே மோனார்டும் டீமரும் சக ஆய்வாளர்களும் இதைக் காட்டியிருந்தாங்க: கடல் அளவு உப்புல இந்தப் பைகள் நிக்காது.

அப்போ கேள்வி மாறிப் போச்சு. முதல்ல வந்தது எதுன்னு கேட்டுட்டிருந்தவர், எந்தத் தண்ணின்னு கேட்க ஆரம்பிச்சார்.

1977ல காலாபகஸ் பக்கத்துல ஆழ்கடல் வெந்நீர்த் துளைகளைக் கண்டுபிடிச்சதுல இருந்து, உயிர் அங்கதான் தோன்றிச்சுன்னு பலமான கட்சி ஒண்ணு இருக்கு. டீமரும், புரூஸ் டேமர் என்பவரும் எதிர்க்கட்சி. நிலத்து மேல, எரிமலைப் பக்கத்து வெந்நீர் ஊற்று. மழைத் தண்ணி, உப்பு கம்மி. நிரம்பும், காயும், நிரம்பும். ஒவ்வொரு சுத்துலயும் கோடிக்கணக்கான பை உருவாகும், பெரும்பாலானது உடையும், ஏதோ ஒண்ணுல இருக்கற சரக்கு பையை உறுதியாக்கினா அது அடுத்த சுத்துக்கு மிஞ்சும். 2018ல வெந்நீர் ஊற்றுத் தண்ணியையும் கடல் தண்ணியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சோதிச்சாங்க. ஊற்றுத் தண்ணியில பை வந்துச்சு, கடல் தண்ணியில வரலை. கம்சாத்காவில் தோத்த மாதிரி கடும் அமிலக் குட்டை இல்லாம வேற மாதிரி ஊற்று வேணும், அவ்வளவுதான் மாற்றம்.

இதோட கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சா, 2019ல கடல் கட்சி திருப்பி அடிச்சுது. லண்டனில் நிக் லேன் குழு, ஒரே ஒரு கொழுப்பு அமிலத்தை எடுக்காம, 10ல இருந்து 15 கார்பன் வரைக்கும் பலவிதக் கொழுப்பு அமிலங்களையும் ஆல்கஹால்களையும் மொத்தம் 14 கலந்து, 70 டிகிரி சூட்டுல, கடும் காரத் தண்ணியில, கடல் அளவு உப்போட வெச்சாங்க. பை வந்துச்சு. நிஜ உலகத்துல சுத்தமான சரக்கு எங்க இருக்கு, கலவைதானே இருந்திருக்கும்னு அவங்க வாதம். அது சரியான வாதம்தான். கலவை நல்லா நிக்கும்னு 2009லயே டீமர் குழுவும் கிளிசரால் சேர்ந்த கொழுப்பை வெச்சுக் காட்டியிருக்கு. ஆனா கடலுக்கு அடியில காய வைக்கறது எப்படின்னு கேட்டா அந்தப் பக்கம் இன்னும் நல்ல பதில் இல்லை. என் ஓட்டு இப்போதைக்குக் குட்டைக்கு. ஓட்டு மாறலாம்.

மெக்னீசியம் தகராறு இன்னொரு விதத்துல ரொம்பக் கொடுமையானது. ஆர்என்ஏ தன்னைப் பிரதி எடுக்க மெக்னீசியம் வேணும். பைக்கு மெக்னீசியம் விஷம். புருஷன் பொண்டாட்டிக்கு ஒத்துவராத சாப்பாடு மாதிரி. 2013ல ஆடமாலாவும் ஷோஸ்டாக்கும் ஒரு வழி கண்டாங்க. சிட்ரேட். மெக்னீசியத்தை அது கவ்விப் பிடிச்சுக்கும், பை பிழைக்கும், ஆனா உள்ள ஆர்என்ஏ வேலைக்குப் பாதகம் இல்லை. ரத்த வங்கியில வேலை பார்க்கறவங்க சிரிப்பாங்க. ரத்தம் உறையாம இருக்கப் பையில ஊத்தி வெச்சிருக்கற சிட்ரேட் இதே வேலையைத்தான் பண்ணுது, அங்க கால்சியம். ஆனா ஆதி பூமியில அவ்வளவு சிட்ரேட்டுக்கு எங்க போறது? அங்க மறுபடி முட்டுது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ராய் பிளாக்கும் சாரா கெல்லரும் கண்டது எனக்கு இதைவிடப் பிடிச்சது. நியூக்ளிக் அமில பேஸ்களும், அமினோ அமிலங்கள் சிலதும் கொழுப்பு அமிலப் படலத்துல தானா போய் ஒட்டிக்குது. ஒட்டினதும் உப்புக்கு எதிரா பை உறுதியாகுது. அப்படின்னா சரக்கு பையைக் காப்பாத்துது, பை சரக்கைச் சேர்த்து வைக்குது. தலைப்புல நான் கேட்ட கேள்வியே தப்பா இருக்கலாம்னு சொல்ற ஆராய்ச்சி இது.

ஆஸ்திரேலியாவில் பில்பாரா பகுதியில சுமார் 348 கோடி வருஷப் பழைய பாறையில, நிலத்து வெந்நீர் ஊற்றுகளோட தடயமும் அதுக்குள்ளயே உயிரோட தடயமும் இருக்குன்னு 2017ல கட்டுரை வந்துச்சு. அங்க உயிர் வாழ்ந்ததுன்னுதான் அது காட்டுது, அங்கதான் தோன்றிச்சுன்னு இல்லை. ரெண்டையும் குழப்பிக்கற ஃபார்வர்டு மெசேஜ் வந்தா நம்பாதீங்க.

சுதா ராஜமணி குழு இப்போ நம்ம நாட்டுத் தண்ணியிலயே இதைப் பார்க்கறாங்க. லடாக் வெந்நீர் ஊற்றுகள்ல இருந்து தண்ணி எடுத்து, அதுல கொழுப்பு அமிலப் பை உருவாகுமா, நிக்குமான்னு 2017ல முதல் கட்டுரை. டீமரோட முழு வாதத்தையும் படிக்கணும்னா 2011ல வந்த "ஃபர்ஸ்ட் லைஃப்", 2019ல வந்த "அசெம்பிளிங் லைஃப்" ரெண்டு புத்தகம் இருக்கு. முதல் புத்தகம் நாம எல்லாரும் படிக்கற மாதிரி, ரெண்டாவதுக்குக் கொஞ்சம் வேதியியல் வேணும்.

நானோபோர் பத்தித் தனி த்ரெட் கேட்டா எழுதறேன். டூட்டி சார்ட் பார்த்துட்டுச் சொல்றேன்.